கொத்மலை வானொலியும் லயத்து முகவரியும்

ஏழைக் குடும்பத்துக்கு இணையத்தை எட்டச் செய்வது எப்படி என்ற கேள்வி நமது மலையகத்துக்குப் புதிதல்ல. நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலையில் 1989ஆம் ஆண்டு ஒரு சமூக வானொலி தொடங்கப்பட்டது. மகாவலித் திட்டத்தில் குடியேற்றப்பட்டோருக்காக அமைந்த வானொலிகளுள் அதுவும் ஒன்று. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அங்கே ஒரு புதுமை நிகழ்ந்தது. நேயர்கள் தமக்கு வேண்டிய தகவலைக் கேட்டனர். நிலையத்தார் அதை இணையத்தில் தேடி, உள்ளூர் மொழியில் விளக்கி ஒலிபரப்பினர். அயலிலுள்ள கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இலவச இணைய வசதி செய்யப்பட்டது. கணினி வாங்குவது பலருக்குக் கனவாக இருந்த அந்நாளில், ஒரே இணைப்பை ஊரே பகிர்ந்துகொண்டது.

பின்னர் அரசின் 'நெனசல' நிலையங்கள் நாடெங்கும் வந்தன. 2014இல் அத்திட்டம் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருதையும் பெற்றது. ஆனால் பொது நிலையத்திலிருந்து வீட்டுக்கு இணையம் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. காரணம், தோட்டத் தொழிலாளிக்கு 'வீடு' என்பதே வழக்காக இருந்து வருகிறது.

லயக் காம்பராவும் அது நிற்கும் நிலமும் அவனுக்குச் சொந்தமில்லை. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. கை மாறிய எந்தத் தடவையிலும் உறுதிப்பத்திரம் லயத்துக்கு வரவில்லை. கடிதம்கூடத் தோட்டக் காரியாலயத்தின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. வீட்டு எண்ணோ உரிமையோ இல்லாதவன் கம்பி இணைப்புக்கு எந்த முகவரியை எழுதுவான்?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதன் விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள். அப்போது தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். அதில் அரிசியும் மாவும் போக, டேட்டாவுக்கு என்ன மிஞ்சும்? வீட்டிலிருந்த ஒரே கைபேசியுடன் பிள்ளைகள் அலைவரிசை தேடி மேட்டுக்கு ஏறினார்கள். 2025இல் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்துவிட்டது. கோபுரம் எட்டாத மலைக்கும் இனி இணையம் எட்டும். ஆயினும் அதன் மாதக் கட்டணம் பல நாள் கூலியை விழுங்கிவிடும்.

ஆகவே கட்டணச் சலுகை மட்டும் போதாது என்பது என் துணிபு. தோட்டப் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் பொது இணைப்பு உடனே வேண்டும். கொத்மலை காட்டிய வழி அது. மாணவர் உள்ள குடும்பங்களுக்கு மலிவு விலையில் டேட்டா வேண்டும். இவற்றுடன் காணி உறுதியும் வீட்டு எண்ணும் வழங்கப்பட வேண்டும். 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, முன்னைய 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகளை அறிவித்தார். அவ்வீடுகளின் வாசலில் எண் எழுதப்பட்டால், தபால்காரரும் இணையமும் ஒரே பாதையில் வந்து சேர்வார்கள்.