அலைக்கு முன்னே வந்த சத்தம்



சுனாமி என்றால் நமக்கு 2004தான். ஆனால் நமது மாவட்டக் கரை அதற்கு முன்பும் ஒன்றைக் கண்டது.

1883 ஆகஸ்ட் 27 காலை, ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலுள்ள கிரகட்டோவா எரிமலை வெடித்தது. இங்கிருந்து சுமார் 3,000 கிலோமீற்றர். அந்தச் சத்தம் இலங்கையிலும் பீரங்கி முழக்கம் போலக் கேட்டதை இலண்டன் றோயல் சொசைட்டியின் 1888ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்தது. அன்றே வந்த அலையில் அறுகம்பை, பாணமைப் பக்கம் ஒரு பெண் உயிரிழந்தார்.

அவ்வளவு தூரம் சத்தம் எப்படி வந்தது? காற்று ஒலியை விழுங்கும்; ஆனால் எல்லா ஒலியையும் ஒரே அளவில் அல்ல. 1845இல் ஸ்டோக்ஸ், காற்றின் பிசுக்குமையை வைத்து இதைக் கணக்கிட்டார். உண்மையான இழப்பு அதைவிட அதிகம். ஒட்சிசன் மூலக்கூறுகள் ஒலியின் சக்தியை எடுத்துக்கொள்கின்றன, எவ்வளவு என்பதை ஈரப்பதன் தீர்மானிக்கிறது என்று 1930களில் நுட்சன், நேசர் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. இன்று அதற்கு 1993இல் வந்த சர்வதேச நியமம் உண்டு. நமது காலநிலைக்கு, அதாவது 30 பாகை வெப்பம், 70 வீத ஈரப்பதனுக்கு, 10 கிலோமீற்றரில் காற்று விழுங்குவது இவ்வளவு:

63 ஹேர்ட்ஸ்: சுமார் 1 டெசிபல்
1,000 ஹேர்ட்ஸ்: 74 டெசிபல்
4,000 ஹேர்ட்ஸ்: 231 டெசிபல்

கீச்சொலி வழியிலேயே செத்துவிடும். ஆழ்ந்த முழக்கம் மட்டுமே கடல் தாண்டும். கிரகட்டோவா பீரங்கியாகக் கேட்டது அதனால்தான்.

ஒலி செக்கனுக்கு சுமார் 340 மீற்றர் ஓடும். ஆழ்கடலில் சுனாமி சுமார் 200 மீற்றர். ஆக, 1883இல் சத்தம் அலையை முந்தி வந்தது. அது என்னவென்று விளங்க அன்று யாருக்கும் வழியில்லை.

2004இல் அந்த முழக்கமும் நமக்குக் கேட்கவில்லை. சுமாத்திராவில் பூமி அதிர்ந்து ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தின் பின்னரே அலை வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அந்த நேரத்தை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

ஆகவே தூரத்துச் சைரனை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அதன் கூர்மையான ஒலியைத்தான் காற்று முதலில் விழுங்கும். ஒரு பள்ளிவாசலில் கேட்டதை அடுத்த பள்ளிவாசல் சொல்லட்டும். ஒரு வீட்டார் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டட்டும். காற்று தின்பதை நாம்தான் ஈடுசெய்ய வேண்டும்.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக.