கம்பம் பன்னீர் திராட்சை

கம்பம் பன்னீர் திராட்சை என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கருநிறத் திராட்சை ஆகும். இது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகையைச் சேர்ந்தது. விதையுள்ள இப்பழம் நறுமணமும் இனிப்பும் மிக்கது. பழமாக உண்ணப்படுவதுடன் பழச்சாறு, ஜாம், சிவப்பு வைன் ஆகியவை செய்யவும் ஏற்றது. 2023 ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பெயர்

பன்னீர் என்பது ரோசா மலரிலிருந்து வடிக்கப்படும் மணநீர். ரோசாவின் மணத்துக்குக் காரணமான செரானியால் என்னும் சேர்மம் மஸ்கட் திராட்சைகளிலும் உள்ளது. இந்தியாவின் பிற பகுதிகளில் இவ்வகை குலாபி எனப்படுகிறது. சீன மொழியிலும் இதன் பெயர் ரோசா மணம் என்றே பொருள்படும்.

தோற்றம்

1832 இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இத்திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் எனக் கூறப்படுகிறது. ஆனால் மஸ்கட் ஹாம்பர்க், 1850 ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் சீவர்ட் ஸ்னோ என்னும் தோட்டக்காரரால் உருவாக்கப்பட்ட கலப்பு வகையாகும். ஷியாவா குரோசா, அலெக்சாந்திரியா மஸ்கட் ஆகியவையே இதன் பெற்றோர் என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே 1832 இல் திராட்சைக் கொடி வந்திருந்தாலும், அது இன்றைய பன்னீர் வகையாக இருந்திருக்க இயலாது.

விளையும் பகுதி

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்துள்ளது. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களின் சுற்றுப்புறங்களில் திராட்சைத் தோட்டங்கள் உள்ளன.

முல்லைப் பெரியாறு அணையின் நீர் சுரங்கத்தின் வழியே இப்பள்ளத்தாக்கில் இறங்கி, பின்னர் வைகையில் கலக்கிறது. மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சமத்தானத்தின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளையிடம் தோன்றியது. வறண்ட இராமநாதபுரத்துக்கு நீர் கொணர்வதே அவர் நோக்கம். பெருஞ்செலவின் காரணமாக அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் பென்னிகுயிக் அணையைக் கட்டி, 1895 இல் நீர் திறக்கப்பட்டது. இராமநாதபுரம் வைகையின் கடைமடையில் இருப்பதால், அந்நீரை முதலில் பெறுவது கம்பம் பள்ளத்தாக்கே. இராமநாதபுரம் இன்றும் வறட்சி தாங்கும் முண்டு மிளகாய்க்குப் பெயர் பெற்ற பகுதியாகவே உள்ளது. அம்மிளகாய்க்கும் 2023 இலேயே புவிசார் குறியீடு கிடைத்தது.

பயிரிடும் முறை

கற்கால்களின் மேல் கம்பிகளால் பந்தல் அமைத்துக் கொடிகள் படரவிடப்படுகின்றன. குளிர்நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒருமுறையே காய்க்கும். வெப்பமான கம்பத்தில் அவ்வுறக்கம் இல்லை. இங்கே கவாத்து செய்யும் காலமே காய்ப்பை முடிவு செய்கிறது. கவாத்து செய்ததிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் அறுவடைக்கு வரும். தோட்டந்தோறும் வெவ்வேறு மாதங்களில் கவாத்து செய்யப்படுவதால் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிறது. பழுக்கும் வேளையில் மழை பெய்தால் பழங்கள் வெடித்துவிடும். அடிச்சாம்பல் நோயும் பரவும்.

வைன்

திராட்சையின் கருநிறம் தோலில் உள்ளது. பிழிந்த சாற்றைத் தோலுடன் நொதிக்கச் செய்தால் சிவப்பு வைனும், தோலை நீக்கி நொதிக்கச் செய்தால் வெளிர்நிற வைனும் கிடைக்கும். பன்னீர் திராட்சையின் வைன் அடர்நிறத்தைவிட மணத்துக்கே பெயர் பெற்றது. பிரான்சில் இவ்வகை பெரும்பாலும் உண்ணும் பழமாகவே விற்கப்படுகிறது; சீனாவின் தியான்சின் பகுதியில் வைனும் வடிக்கப்படுகிறது. கம்பத்திலும் விளைச்சலின் பெரும்பகுதி பழமாகவே சந்தைக்குச் செல்கிறது. பறித்த பழம் நெடுநாள் தாங்காது என்பதால், விலை குறையும் காலங்களில் பழச்சாறும் வைனும் உழவர்களுக்கு மாற்று வழிகளாக அமையக்கூடும்.