பிறை ரொட்டியும் காப்பியும்

சென்ற ஞாயிறு காலை எங்கள் வீட்டில் குரோசான் செய்தோம். செய்தோம் என்றால், மாவு பிசைந்தவள் என் மனைவி. சரித்திரம் சொன்னவன் நான்.

1683-இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டார்களாம். நள்ளிரவில் சுரங்கம் தோண்டும் சத்தத்தை ரொட்டிக்காரர்கள் கேட்டு ஊரை எழுப்பினார்களாம். வெற்றியின் நினைவாகத் துருக்கிக் கொடியின் பிறையை மாவில் உருட்டித் தின்றார்களாம். இதைச் சொல்லி நான் பல சபைகளில் கைதட்டல் வாங்கியவன். முற்றுகை நிஜம்; ரொட்டிதான் பொய். 'கிப்பெர்ல்' என்ற பிறை ரொட்டி அதற்கு வெகு காலம் முன்பே ஆஸ்திரியாவில் இருந்தது.

அதைப் பாரிஸில் பிரபலப்படுத்தியவர் ஆகஸ்ட் ஸாங் என்ற பீரங்கிப்படை அதிகாரி. 1830-களின் கடைசியில் ரிஷ்லியூ வீதியில் வியன்னா ரொட்டிக்கடை வைத்தார். 1848-இல் ஊர் திரும்பிப் பத்திரிகை ஆரம்பித்தார். அதிலும் பணம் சம்பாதித்தார் என்பதுதான் எனக்குப் பொறாமை!

ஆனால் அவர் விற்றது இன்றைய குரோசான் அல்ல. மாவுக்குள் வெண்ணெய்த் தகட்டை வைத்து மடிக்கும் குரோசான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவியது. மும்முறை மூன்றாக மடித்தால் வெண்ணெய் 27 அடுக்காகும். சூட்டில் அதிலுள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்கும். மடிக்கும்போதே வெண்ணெய் உருகினால் போச்சு. எங்கள் சமையலறையில் உருகிற்று.

காப்பி மட்டும் கைவிடவில்லை. 1806-இல் நெப்போலியன் பிரிட்டிஷ் வாணிபத்தைத் தடுத்ததும் பிரான்ஸில் காப்பிக்கொட்டை அரிதாகி, சிக்கரி பெருகியது. எங்கள் பில்டரிலும் சிக்கரிதான்.

தட்டையான ரொட்டியைக் காப்பியில் தோய்த்தபடி பேத்தி கேட்டாள்: "தாத்தா, அந்தச் சுரங்கக் கதையைச் சொல்லித்தானே பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினேன்? இப்போது டீச்சரிடம் யார் போய்ச் சொல்வது?"

நான் இன்னொரு டம்ளர் காப்பி கேட்டேன்.