சில்லுக்குள் போன ஒலி: ஒரு வணிகக் கணக்கு

ஒலி வன்பொருள் முறைவழியாக்கியை நோக்கி நகர்ந்த கதையைத் தொழினுட்ப முன்னேற்றமாகச் சொல்வதே வழக்கம். சில்லுகள் சிறுத்தன, இடம் மிஞ்சியது, ஒலியும் உள்ளே போனது என்பார்கள். இது பாதி உண்மை. எது உள்ளே போகும், எது வெளியே நிற்கும் என்பதைத் தீர்மானித்தது சில்லு நிறுவனங்களின் வருமானக் கணக்கு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டபோது ஒலிக்குத் தனி அட்டை உண்மையிலேயே தேவைப்பட்டது. இறுவட்டுத் தரத்து ஒலி என்பது விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரு தடங்கள், சுமார் 1.4 மெகாபிட். அன்றைய இன்டெல் 386 முறைவழியாக்கிக்கு அது பாரம். பின்வந்த முறைவழியாக்கிகளுக்குத் தூசு. அட்டைக்குப் போகும் காசை ஏன் முறைவழியாக்கிக்குத் திருப்பக் கூடாது? இன்டெல் 1995இல் என்எஸ்பி என்ற மென்பொருளால் ஒலியையும் படத்தையும் தன் சில்லிலேயே கையாளப் பார்த்தது. அது தன் வளவுக்குள் கைவைப்பது என்று மைக்ரோசொஃப்ட் நெருக்க, இன்டெல் பின்வாங்கியது. 1998இல் மைக்ரோசொஃப்டுக்கு எதிரான வழக்கில் இன்டெலின் ஸ்டீவன் மெகீடி இந்த நெருக்குதலைச் சாட்சியமாகவே சொன்னார்.

வெற்றி பெற்ற வழி இவ்வளவு சத்தமானதல்ல. ஏசி'97 தரநிலை ஒலியை இரண்டாகப் பிரித்தது. இலக்கப் பகுதி 1999 முதல் முறைவழியாக்கிக்குத் துணைநிற்கும் இன்டெலின் சிப்செட்டுக்குள். அனலொக் பகுதி வெளியே, இலக்கத்தையும் அனலொக்கையும் ஒன்றுக்கொன்று மாற்றும் மலிவான ஒரு கோடெக் சில்லில். ட்ரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க இலக்கச் சுற்று மலிவாகும். அனலொக்குக்கு அந்த வாசி அவ்வளவாகக் கிட்டாது. பக்கத்துச் சுற்றுகளின் இரைச்சலும் அதைக் கெடுக்கும். இலாபம் குறைந்த அந்தத் துண்டை ரியல்டெக் போன்ற தாய்வான் நிறுவனங்களுக்கு விட்டது கெட்டித்தனம். விளைவைக் கிழக்கிலங்கைக் கரையோரச் சாய்ந்தமருதிலும் பார்க்கலாம். 'சவுண்ட் வரல்ல' என்று கடைக்கு வரும் பழைய கணினியில் ப்ரொசஸர் நன்றாகத்தான் இருக்கும். உப்புக்காற்றில் பச்சை பிடித்த ஹெட்போன் சொக்கெட்டோ கோடெக்கோதான் போயிருக்கும். போர்டைக் கிண்டுவதைவிட யுஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்றைச் செருகிக் கொடுப்பது இலேசு. ஒருகாலத்தில் வெளியேற்றப்பட்ட அட்டைதான் அது, விரலளவில்.

தரமே நோக்கமென்றால் இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியின் ட்ரூஓடியோ ஒலித்தொழினுட்பம் வென்றிருக்க வேண்டும். 2013இல் ரேடியன் அட்டைகளிலும், 2014 ஜனவரியில் காவேரி முறைவழியாக்கியிலும் (ஆம், நம் ஆற்றின் பெயர்தான்) டென்சிலிகாவின் டிஎஸ்பி (இலக்கச் சமிக்ஞை முறைவழியாக்கி) கருக்களை ஏஎம்டி பதித்தது. பயன்படுத்திய விளையாட்டுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சந்தையில் பெரும்பங்கு இன்டெலிடம் இருக்க, ஒரு நிறுவனத்தின் சில்லில் மட்டும் ஓடும் ஒலிக்கு யார் மெனக்கெட்டு நிரல் எழுதுவார்? 2020இன் பிளேஸ்டேஷன் 5இல் ஏஎம்டியின் சுற்றைத் திருத்தியமைத்த டெம்பெஸ்ட் ஒலிப்பொறி இருக்கிறது. அங்கே எல்லாப் பெட்டியும் ஒன்றே என்பதால் நிரலாளருக்குத் தயக்கமில்லை.

இன்று டிஎஸ்பி மீண்டும் உள்ளே வந்திருக்கிறது. மின்சிக்கனம் என்ற காரணத்தோடு. மடிகணினி உறங்கும்போதும் பயனரின் குரலுக்குக் காது கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. இந்த டிஎஸ்பியில் ஓடும் சவுண்ட் ஓப்பன் ஃபேர்ம்வெயர் என்ற மென்பொருள் 2018 முதல் திறந்த மூலத் திட்டம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அதை இறக்கித் தமிழ்க் குரலுக்கேற்பத் திருத்தலாம். ஆனால் சந்தைக்கு வரும் பெரும்பாலான இன்டெல் மடிகணினிகள் இன்டெலின் இலக்கக் கையொப்பமில்லாத ஃபேர்ம்வெயரை ஏற்பதில்லை. மூலநிரல் எல்லோருக்கும், திறப்பு ஒருவரிடம்: 1995இல் மைக்ரோசொஃப்ட் விட்டுக்கொடுக்காத காவலை இப்போது இன்டெல் செய்கிறது.