தொட்டில் குழந்தையும் நம்ம சங்கமும்

நம்ம கூட்டமைப்பு மலரில் கடன், சேமிப்பு, ஆட்டுப்பண்ணை எல்லாம் எழுதியாச்சு. பெத்த பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறதைப் பத்தி மட்டும் யாரும் வாய் திறக்கிறதில்லை. ஆனால் நம்ம மாநிலத்தில் மகளிர் குழுக்கள் பிறந்த கதையும் தொட்டில் குழந்தைகளின் கதையும் ஒரே மண்ணில், ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கியவை.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் அமைந்தது. சுய உதவிக் குழுக்களை அது முதன்முதலில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. பிறகு சேலத்துக்கு வந்தது. அதே தருமபுரி, சேலம், மதுரைப் பக்கங்களில்தான் பெண் சிசுக்கொலை நடப்பதாக நாடே பேசிக்கொண்டிருந்தது. 1986-ல் ஒரு ஆங்கிலப் பத்திரிகை உசிலம்பட்டி வட்டார நிலையை வெளியிட்டது. கள்ளிப்பால், நெல்மணி என்று கிராமத்துக்குள் குசுகுசுவென்று பேசிய விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயசு வரைக்குமான 1000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாடு முழுக்கப் பெண் குழந்தைகள் 948. சேலம் மாவட்டத்தில் 849தான்.

குழந்தையைக் கொன்றவள் தாய் என்று சொல்லிவிடுவது சுலபம். மூணாவதும் பொண்ணா என்று கேட்ட மாமியார், வரதட்சணைக் கணக்குப் போட்ட புருஷன், பேச்சை நிறுத்திய சொந்தபந்தம் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. பிரசவித்த பச்சை உடம்புக்காரியின் சொல்லுக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு இருந்திருக்கும்?

இந்த நிலையில்தான் 1992-ல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். வளர்க்க முடியாத குழந்தையைக் கொல்ல வேண்டாம், அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதே அதன் சாரம். அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், வரவேற்பு மையம் என்று தொட்டில்கள் வைக்கப்பட்டன. அப்படி வந்த குழந்தைகள் உரிமம் பெற்ற நிறுவனங்கள் மூலம் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. பிறகு வேறு சில மாவட்டங்களும் சேர்ந்தன.

இதை எதிர்த்தவர்களும் உண்டு. பெண் பிள்ளையை வேண்டாம் என்று விடுவதற்கு அரசே வழி காட்டுகிறதே, வரதட்சணை வாங்குகிறவனை விட்டுவிட்டுத் தாயின் கையிலிருந்து பிள்ளையை வாங்குகிறதே என்று பெண்கள் இயக்கத்தினர் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் அந்தத் தொட்டிலால் உயிர் பிழைத்த பிள்ளைகள் இன்றைக்கு எங்கேயோ வளர்ந்து ஆளாகி இருக்கிறார்கள். இரண்டு உண்மையும் சேர்ந்ததுதான் இந்த வரலாறு.

நம்ம ஊரில் தத்து என்பது புதுசு இல்லை. சுவீகாரம் என்று பழைய காலத்திலேயே உண்டு. ஆனால் அது கொள்ளி போடவும் சொத்துக் காக்கவும் ஆண் பிள்ளையை எடுப்பதாகவே இருந்தது. பெண் பிள்ளையைத் தத்தெடுக்க 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம்தான் வழி திறந்தது. விதவையும் கல்யாணம் ஆகாத பெண்ணும் தத்தெடுக்கலாம் என்று சொன்னதும் அதுதான். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் அப்போதும் காப்பாளர் ஆக முடிந்ததே தவிர, சட்டப்படி அப்பா அம்மா ஆக முடியவில்லை. 2000-ல் வந்த இளைஞர் நீதிச் சட்டம்தான் எந்த மதத்தவருக்கும் அந்தக் கதவைத் திறந்தது.

பெற்ற தாயின் பக்கம் பார்த்தால், 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் முக்கியமானது. உடம்பாலோ மனசாலோ சமூகத்தாலோ தன் கையை மீறிய காரணத்தால் பிள்ளையை வளர்க்க முடியாத தாய், மாவட்டக் குழந்தை நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கலாம். குழு முதலில் அவளிடம் பேசி, வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கும். அதற்குப் பிறகே ஒப்படைப்புப் பத்திரம். கல்யாணம் ஆனவர்கள் என்றால் கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணம் ஆகாத தாய் என்றால் அவள் ஒருத்தியே ஒப்படைக்கலாம். குழந்தையின் அப்பாவைக் கூட்டிவா என்று யாரும் அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது.

கையெழுத்துப் போட்ட பிறகும் யோசிக்க இரண்டு மாத அவகாசம் உண்டு. இதை ஒவ்வொரு சகோதரியும் மனசில் பதிய வைக்கணும். அந்த 60 நாளுக்குள் மனசு மாறினால் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். பால் கட்டி நெஞ்சு வலிக்கிற நேரத்தில், அழுது அழுது தூக்கம் இல்லாத நேரத்தில் எடுத்த முடிவு கடைசி முடிவாகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த அவகாசம். அதற்குப் பிறகுதான் குழந்தையைத் தத்துக்கு உரியதாக அறிவிப்பார்கள். தத்து ஆணையை முன்பு நீதிமன்றம் வழங்கியது. 2022 முதல் மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தும், ரகசியம் கருதி ஆஸ்பத்திரி வாசலிலேயே பிள்ளை கைமாறுவது நிற்கவில்லை. 2019-ல் ராசிபுரத்தில் குழந்தைக்கு விலை பேசிய ஒலிப்பதிவு ஊரெல்லாம் பரவியது நமக்குத் தெரியும். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கக்கூடிய குற்றம். உறவுக்குள் தத்துக் கொடுக்கவும் சட்டத்தில் தனி முறை உண்டு. அதிலும் காசு கைமாறக் கூடாது. தரகர் மூலம் போன பிள்ளை எங்கே இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று தாய்க்கு யார் பதில் சொல்வார்கள்? குழந்தை நலக் குழு வழியாகப் போன பிள்ளைக்குக் கணக்கு இருக்கிறது. தாயின் பெயரும் வெளியே வராது.

பயந்துபோய்ப் பிள்ளையைப் புதரிலோ பேருந்து நிலையத்திலோ விட்டவர்களும் உண்டு. சூழ்நிலை கைமீறிப் போய்ப் பெற்றவர்கள் அப்படிச் செய்தது தெரிந்தால், வேண்டுமென்றே செய்ததாகச் சட்டம் கருதாது. ஆனால் நாய் நரி அலையும் இடத்தில் கிடக்கும் பச்சைக் குழந்தைக்கு அந்தச் சட்டம் உதவாது. அதனால் முதலிலேயே 1098 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம். காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

நம்ம குழுவில் வாரக் கூட்டம் நடக்கிறது. யார் மகள் வாந்தி எடுக்கிறாள், யார் வீட்டில் மூணாவது பிரசவம் என்பதெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியும் முன்னால் நமக்குத் தெரியும். அதைத் தெருவில் பேசும் பேச்சாக்காமல், அந்தப் பெண்ணிடம் தனியாகப் போய் உட்கார்ந்து கேட்கலாம். வளர்க்க ஆசை இருந்தும் கையில் காசு இல்லையா? அதற்குக் குழு இருக்கிறது, அரசு உதவியும் இருக்கிறது. வளர்க்கவே முடியாதா? அப்படியானால் கூடவே குழந்தை நலக் குழுவுக்குப் போய் வரலாம். பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வந்தவளுக்குப் பத்தியச் சாப்பாடும் வேணும், ஆறுதலும் வேணும். அவளும் பிள்ளை பெத்தவதான். அடுத்த கூட்டத்துக்கு அவள் வரும்போது, எதுவும் கேட்காமல் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்போம்.