தனக்கே சொந்தமான மலை

பனிச்சறுக்கு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பெரிய விடுதி, நீண்ட வரிசை, விலை கூடிய டிக்கெட். “கையைக் காலை முறிச்சுக்கொண்டு வராதே” என்ற அம்மாவின் குரலும் வரலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

இன்று நான் சொல்லப்போவது வேறு மாதிரியான ஓர் இடத்தைப் பற்றி.

நியூசிலாந்தின் வடதீவில், மேற்குக் கரையோரம், டரனாக்கி என்ற எரிமலை தனியாக நிற்கிறது. உயரம் 2,518 மீற்றர். ‘த லாஸ்ட் சாமுராய்’ படத்தில் ஜப்பானின் ஃபூஜி மலையாக நடித்தது இதுதான்! நீண்ட காலமாக அமைதியாக இருக்கிறது, ஆனால் அணைந்துவிடவில்லை.

அதன் கிழக்குச் சரிவில் மங்கனூயி என்ற சிறிய சறுக்குத்தளம் உள்ளது. அதை நடத்துவது கம்பெனி அல்ல, ஸ்ட்ராட்ஃபோர்ட் மலைச் சங்கம். தளம் ஓடுவது அங்கத்தவர்களின் தொண்டு உழைப்பால். வாகனத் தரிப்பிடத்திலிருந்து ஒரு பள்ளத்தாக்கைக் கடந்து இருபது நிமிடமளவு நடக்க வேண்டும். மேலே இழுத்துச் செல்வது டி-பார். தலைகீழான ‘டி’ போன்ற அந்தக் கம்பியில் சாய்ந்து நிற்க வேண்டும். கதிரை என்று நினைத்து உட்கார்ந்தால் விழுவீர்கள். பனி போதாத ஆண்டுகளில் சில நாட்கள்தான் திறக்கும். அப்படியிருந்தும் ஆட்கள் வந்து வேலை செய்கிறார்கள்.

ஏன்? லாபம் இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கதிரை அடுக்கும் மாமாமாரிடமும் தேநீர் ஊற்றும் அன்ரிமாரிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் இந்தப் பனிக்குக் கீழே இன்னொரு கதை இருக்கிறது.

இங்குள்ள மாவோரி மக்களுக்கு டரனாக்கி ஒரு மூதாதை. 1770இல் கப்டன் குக் அதை ‘எக்மண்ட்’ என்று ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் பெயரால் அழைத்தார். 1865இல் அரசு போரைக் காரணம் காட்டி, மலையுடன் சேர்த்துப் பெருமளவு காணியைப் பறித்தது. காணி பறிபோன கதை எங்கள் வீடுகள் பலவற்றுக்கும் புதிதல்ல.

பரிஹாக்கா என்ற கிராமத்து மக்கள் ஆயுதம் எடுக்கவில்லை. பறிக்கப்பட்ட நிலத்தை உழுதார்கள். நில அளவைக் கட்டைகளைப் பிடுங்கினார்கள். 1881 நவம்பர் 5 அன்று சுமார் 1,600 பேர் கொண்ட படை அங்கு நுழைந்தது. அதை எதிர்கொண்டவர்கள் பாடிக்கொண்டிருந்த சிறுவர்கள். தலைவர்களான தே விட்டியும் தோஹுவும் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார்கள்.

அதே 1881இல்தான் மலையைச் சுற்றி, உச்சியிலிருந்து ஆறு மைல் ஆரத்தில், ஒரு வட்டம் வரைந்து காட்டைப் பாதுகாத்தார்கள். 1900இல் அது தேசியப் பூங்காவாயிற்று. காட்டைக் காத்தது நல்ல காரியம். ஆனால் அது யாருடைய மலை என்று அப்போது கேட்கவில்லை. 1978இல் மலையைத் திருப்பிக் கொடுத்து, உடனேயே நாட்டுக்கு அன்பளிப்பாகப் பெற்றுக்கொண்டார்கள். மக்களை ஒழுங்காகக் கேட்கவில்லை என்ற மனக்குறை அதன்பின்னும் நீடித்தது.

2025 ஜனவரி 30 அன்று நியூசிலாந்துப் பாராளுமன்றம் ஒருமனதாக ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. டரனாக்கி இப்போது சட்டப்படி ஓர் ‘ஆள்’. அரசுக்கும் சொந்தமில்லை, வேறு யாருக்கும் சொந்தமில்லை. மலை தனக்கே சொந்தம். ‘எக்மண்ட்’ என்ற பெயரும் போய்விட்டது. மலைக்காகப் பேசும் குழுவில் இனக்குழுக்களின் பிரதிநிதிகளும் அரசு நியமித்தவர்களும் சம எண்ணிக்கையில் இருக்கிறார்கள். பொதுமக்கள் முன்போலப் போய்வரலாம்.

நான் பொறியியல் படித்தவன். ஒரு பொருளைப் பார்த்தால் ‘இது யாருடையது, யார் பராமரிப்பது?’ என்று கேட்பது என் பழக்கம். இந்த மலையில் அவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். மங்கனூயியில் வேலை செய்பவர்களுக்கு மலை சொந்தமில்லை. ஆனாலும் அங்கே அவர்களுக்கு ஓர் இடம் உண்டு.

நாங்களும் வேறொருவரின் மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள். ‘இது எங்கட இடமா?’ என்ற கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். அந்த மண்ணின் கதையைக் கேட்டு அறியுங்கள். பிறகு அதற்காக ஒரு வேலையைக் கையில் எடுங்கள். சறுக்குவது அதற்குப் பிறகு இன்னும் நன்றாக இருக்கும்.

விழுவீர்கள். எழும்புங்கள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.