சாவிக்கொத்தும் மடிக்கணினியும்



2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அக்கணினிகள் எங்கள் ஒட்டன்சத்திரம் வட்டாரத்துப் பள்ளிகளை அடைந்தபோது நான் தலைமையாசிரியராக இருந்தேன். அவற்றுள் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. மாணவி ஒருத்தி, “ஐயா, மூடினால் இது உறங்குகிறது, திறந்தால் விழிக்கிறது. யார் சொல்லி இப்படிச் செய்கிறது?” என்று வினவினாள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. ஓய்வுபெற்ற பின்னரே தேடிக் கற்றேன்.

மடிக்கணினிக்கு உயிர் அதன் மின்கலம். அதைச் சிக்கனமாகச் செலவிட 1992-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் ஏ.பி.எம். என்னும் முறையை வகுத்தன. அம்முறையில், எப்போது உறங்குவது என்பதைப் பெரும்பாலும் பொறிக்குள்ளேயே பதிந்திருந்த நிரல் முடிவு செய்தது. 1996-இல் தோஷிபாவும் அவற்றோடு சேர, ஏ.சி.பி.ஐ. என்னும் புதுமுறை பிறந்தது. அதன்படி முடிவெடுக்கும் பொறுப்பு இயங்குதளத்தின் கைக்கு வந்தது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸும் இம்முறையை ஏற்றது. திரையை மங்கச் செய்யவும், செயலியின் வேகத்தைக் குறைக்கவும் சிறுசிறு மென்பொருள்கள் பெருகின.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. வன்பொருளைத் தொட்டு ஆளும் நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரமும் வேண்டும். வேலையோ சிறிது, அதிகாரமோ பெரிது!

இதை விளக்க என் பிழை ஒன்றையே சொல்லுகிறேன். மணி அடிக்கும் மாணவனிடம் அலுவலக அறையைத் திறக்கச் சாவிக்கொத்தை நாள்தோறும் கொடுத்து வந்தேன். வினாத்தாள் அலமாரியின் சாவியும் அதே கொத்தில் இருந்ததைப் பல மாதங்கள் நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒருநாள் அவனே, “ஐயா, இந்தச் சாவி என்னிடம் இருக்கக் கூடாது” என்று தனியே கழற்றித் தந்தான். தீங்கு நேராமற் போனது என் காவலால் அன்று, அவனுடைய நேர்மையால்!

கணினி உலகிலும் இதுவே நிகழ்ந்தது. ‘டியூன்ட்’ என்பது லினக்ஸ் கணினிகளின் வேகத்தையும் மின்செலவையும் சீர்செய்யும் மென்பொருள். 2024 அக்டோபரில் வெளியான பெடோரா 41, மடிக்கணினியின் மின்நிலையை மாற்றும் பணியை அதனிடம் ஒப்படைத்தது. அடுத்த மாதமே சூசே நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவினர் அதில் ஒரு பெருங்குறையை வெளியிட்டனர். கணினிமுன் அமர்ந்த சாதாரணப் பயனர் எவரும், கடவுச்சொல் இன்றியே, தாம் எழுதிய நிரலை அதன்வழி முழு அதிகாரத்தோடு இயக்கிவிட முடிந்தது. அவ்வாண்டு புதிதாகச் சேர்த்த வசதி ஒன்றே அந்த வாயிலைத் திறந்துவிட்டிருந்தது. 2.24.1 என்னும் திருத்தப் பதிப்பு உடனே வந்து அவ்வாயிலை அடைத்தது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? லினக்ஸின் மூலநிரலை எவரும் படிக்கலாம் என்பது உண்மை. ஆயினும், படிக்கலாம் என்பதனால் மட்டும் காவல் அமைந்துவிடாது. ஒருவர் பொறுமையோடு அமர்ந்து வரிவரியாகப் படித்தால்தான் குறை வெளிப்படும். குறை வெளிப்பட்டதும் ஒருவர் திருத்த வேண்டும். திருத்தம் வந்ததும் நாம் அதை ஏற்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் வீணாகும். மூன்றாவது பங்கு உங்களுடையது. ஆதலால், புதுப்பிப்பு வந்திருப்பதாகக் கணினி அறிவிக்கும்போது, “நாளை பார்ப்போம்” என்று தள்ளாதீர்கள்.

உங்களுள் நிரல் கற்போர் சிலர் முதற்பங்கையும் இரண்டாம் பங்கையும் ஏற்க முன்வருவீர்களாக! நம் பள்ளிகளுக்கு வந்த கணினியைக் காக்கும் கைகளுள் நம் ஊர்க் கைகளும் இருத்தல் வேண்டும் அல்லவா? அன்று என்னிடம் வினவிய மாணவிக்கு, காலந்தாழ்ந்தேனும் நான் கூறும் விடை இதுவே.